பழைய மேசைக்குப் புதுக் கால்



வீட்டுச் சாமான்களுக்குப் பெயரிடும்போது தமிழர் முதலில் கால்களைத்தான் எண்ணிப் பார்த்தார்கள் போலும். நான்கு கால் உடையது நாற்காலி. மூன்று கால் உடையது முக்காலி. முதுகும் கைப்பிடியும் பிரம்புப் பின்னலும் எத்துணை அழகாக இருப்பினும் பெயரில் அவற்றுக்கு இடமில்லை. ஒரு கால் ஒடிந்தால் நாற்காலி தன் பெயரை இழந்துவிடுகிறது. அதற்காக முக்காலியாகவும் ஆகிவிடுவதில்லை. மாடிப்படியின் கீழே சுவரில் சாய்ந்தபடி, பழைய சாமான் வாங்குவோரின் குரலுக்காக அது காத்து நிற்கிறது. இவ்வாறு நிற்கும் நாற்காலிகளையும் மேசைகளையும் கட்டில்களையும் குறைந்த செலவில் மீண்டும் நிமிர்த்துவது எப்படி என்பதைப் பற்றி இன்று சிறிது பேசுவோம்.

கார்டன் ரீச்சில் வாழும் நமக்கு இது நெருங்கிய பொருள். ஹூக்ளி ஆறு வளைந்து செல்லும் இக்கரையில் பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் தோட்ட வீடுகள் கட்டிக்கொண்டனர். ஊருக்குப் பெயரும் அதனால் வந்தது. 1856-இல், அரசை இழந்த அவத் நவாபு வாஜித் அலி ஷா இங்குள்ள மட்டியாபுருஜுக்கு வந்து, 1887-இல் மறையும் வரை இங்கேயே வாழ்ந்தார். பின்னர் வங்காள நாகபுரி ரயில்வேயின் தலைமை அலுவலகம் இக்கரையில் அமைந்தது. அதன் வழிவந்த தென்கிழக்கு ரயில்வே 1955-ஆம் ஆண்டு முதல் இங்கிருந்தே இயங்குகிறது. அருகில் கித்தர்பூர்த் துறைமுகம். 1960-இல் அரசுடைமையான கப்பல் கட்டும் தளம். இந்த அலுவலகங்களையும் துறைகளையும் நம்பித் தெற்கிலிருந்து ரயிலேறிய குடும்பங்கள் பல. பெட்டியும் படுக்கையும் வந்தன. பித்தளைப் பாத்திரங்களும் வந்தன. கட்டிலையும் மேசையையும் யார் சுமந்து வருவார்? அவற்றை இங்கேதான் வாங்கினோம். அதிலும் பெரும்பாலும் பழையனவாக வாங்கினோம். பெரிய வீடு ஒன்று கலைந்தால் அதன் சாமான்கள் ஏலத்துக்கு வரும் நகரம் கல்கத்தா. பார்க் தெருவையும் ரஸ்ஸல் தெருவையும் சுற்றி ஏலக் கடைகள் பல இருந்தன. 1940-இல் தொடங்கிய ரஸ்ஸல் எக்ஸ்சேஞ்ச் அவற்றுள் பெயர் பெற்றது. அந்த வழியாகத்தான் கடைசல் கால் மேசையும் பிரம்பு நாற்காலியும் நம் வீடுகளுக்குள் புகுந்தன.

இப்பொழுது அவற்றுக்கு வயதாகிவிட்டது. நமக்கும் பணி ஓய்வு, மாற்றல், பிள்ளைகளோடு வேறு ஊர் செல்லுதல் என்று புறப்பாடுகள் நேர்கின்றன. அந்தச் சமயத்தில் வாசலுக்கு வருபவர், இவ்வூரார் 'பிக்ரிவாலா' என்றழைக்கும் பழைய சாமான் வியாபாரி. அவர் மேசையின் பலகையைப் பார்ப்பதில்லை. குனிந்து காலைத்தான் பார்க்கிறார். ஆடும் கால் ஒன்றைத் தொட்டுக் காட்டி, முழு மேசைக்கும் விறகு விலை பேசுகிறார். நாமும் தலையசைத்து விடுகிறோம். சில நாள்களில் வேறொரு கால் பொருத்தப்பட்டு, அதே மேசை கடையில் பல மடங்கு விலைக்கு நிற்கிறது. அவருக்குத் தெரிந்ததும் நமக்குத் தெரியாததும் ஒன்றுதான்: ஒரு மரச்சாமானில் மிக எளிதாகவும் மலிவாகவும் மாற்றக்கூடிய உறுப்பு அதன் கால்.

காலுக்கு ஏன் முதலில் கேடு வருகிறது என்பதை அறிந்துகொண்டால் மருந்தும் புலப்படும். மரத்தின் உள்ளே நீரை மேலேற்றும் நுண்ணிய குழல்கள் நெடுகிலும் ஓடுகின்றன. கால் செதுக்கப்படும்போது அக்குழல்களின் வெட்டு முகம் தரையை நோக்கி அமைகிறது. நாம் நாள்தோறும் தரையைக் கழுவும் நீரையும், மழைக்காலத்தில் வாசல் தாண்டி வரும் வெள்ளத்தையும் அந்த முகம், விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல் உறிஞ்சிக்கொள்கிறது. இவ்வூரின் ஈரத்துக்குப் பழைய சாட்சி ஒன்று உண்டு. நமக்கு எதிர்க்கரையில் சிப்பூரில் உள்ள தாவரவியல் தோட்டத்தை 1787-இல் ராபர்ட் கைடு நிறுவியபோது, கப்பல் கட்டத் தேக்கு வளர்ப்பதும் அவருடைய நோக்கங்களுள் ஒன்றாக இருந்தது. தாழ்ந்த வங்காளத்தின் சேற்று மண்ணில் தேக்கு எதிர்பார்த்தபடி தேறவில்லை, அம்முயற்சி கைவிடப்பட்டது. உயிருள்ள தேக்குக்கே ஒவ்வாத ஈரத்தில், அறுத்து இழைத்த தேக்கு ஆண்டுக்கணக்காக நிற்கும்போது அதன் அடி இற்றுப்போவதில் வியப்பில்லை.

ஆகவே, கால் ஆடினால் உடனே புதுக் கால் தேட வேண்டியதில்லை. முதலில் சோதிக்க வேண்டும். மேசையைக் கால்வட்டம் திருப்பி வைத்துப் பாருங்கள். ஆட்டம் வேறு காலுக்கு மாறினால் குற்றம் தரையினுடையது. மூன்று புள்ளிகள் எப்பொழுதும் ஒரே தளத்தில் அமையும். அதனால்தான் முக்காலி எத்தரையிலும் ஆடுவதில்லை. நான்காவது கால் வந்ததும் தரையின் மேடுபள்ளம் தலைகாட்டுகிறது. ஆட்டம் அதே காலில் நிலைத்தால் மேசையைக் கவிழ்த்துப் போட்டுப் பொருத்தைப் பார்க்கவேண்டும். காலின் தலைப்பில் உள்ள துளையில், குறுக்குச் சட்டத்தின் நுனியாகிய கழுந்து நுழைந்திருக்கும். அது தளர்ந்திருந்தால் கால் நலமாகவே இருக்கிறது. பழைய பசையைச் சுரண்டிவிட்டு, புதுப் பசையிட்டு, ஒரு சிறு ஆப்பு வைத்து இறுக்கினால் போதும். பழங்காலச் சாமான்களில் வச்சிரப் பசையே இருக்கும். சூடும் ஈரமும் பட்டால் அது இளகி, பொருத்து சேதமின்றிக் கழன்று வரும். இன்றைய வெள்ளைப் பசைகளுக்கு அந்த இளக்கம் இல்லை. அவற்றை ஊற்றுமுன் பழைய பசையை முழுதும் நீக்கிவிட வேண்டும்.

பொருத்து நன்றாயிருந்தால், ஓர் ஊசியால் காலை அடியிலிருந்து மேல்நோக்கிக் குத்திப் பாருங்கள். எந்த உயரம் வரை ஊசி எளிதில் இறங்குகிறதோ, அதுவரை மரம் கெட்டிருக்கிறது. மாவு போன்ற தூள் உதிர்ந்தால் வண்டு துளைத்தது; தட்டும்போது வெற்றோசை கேட்டால் கறையான் உண்டது. கேடு அடியில் மட்டும் என்றால் முழுக் காலை மாற்றுவது வீண் செலவு. கடைசல் பிடித்த காலாயின், வளையங்களுக்கு இடையே உள்ள பள்ளத்தில் அறுத்து, கீழ்த்துண்டை மட்டும் புதிதாகக் கடைந்து, நடுவே முளை வைத்து ஒட்டிவிடலாம். ஒட்டு பள்ளத்தில் மறைந்துபோகும். நாற்காலியின் பின்கால்களுக்கு மட்டும் தனிக் கவனம் வேண்டும். பல நாற்காலிகளில் பின்காலும் முதுகுச் சட்டமும் ஒரே மரம். அதைக் குறுக்கே அறுத்து ஒட்டினால், முதியவர் ஒருவர் சாய்ந்து உட்காரும் நாளில் ஒட்டு விட்டுவிடும். நீண்ட சாய்வாக அறுத்து ஒட்டவேண்டும். சாய்வு நீள நீளப் பிடிப்பும் கூடும். இதற்கு நல்ல தச்சரே வேண்டும். இதில் சிக்கனம் ஆகாது.

இனி, முழுக் காலும் போய்விட்டது என்றே கொள்வோம். நம்மில் பலர் அந்தக் காலைப் போன்ற மற்றொரு காலைத் தேடிக் கடை கடையாக அலைகிறோம். பௌபஜாரின் மரச்சாமான் கடைகளுக்குப் போகிறோம். ஏலக் கடையில் விசாரிக்கிறோம். ஒற்றைக் கால் எங்கும் விற்பதில்லை. கிடைத்தாலும் உயரம் ஒத்தால் தடிப்பு ஒவ்வாது. தடிப்பு ஒத்தால் வளையம் ஒவ்வாது. இந்த அலைச்சல் தேவையற்றது. வேண்டிய கால் எப்படி இருக்கவேண்டும் என்பதை அங்குலம் பிசகாமல் சொல்லும் மூன்று கால்கள் நம் வீட்டிலேயே நிற்கின்றன. அவற்றுள் ஒன்றைக் கழற்றி எடுத்துக்கொண்டு கடைசல் பட்டறைக்குப் போவதே குறுக்கு வழி. கழற்ற இயலாதாயின், கால் அருகே அட்டையை வைத்து அதன் விளிம்பை வரைந்துகொள்ளலாம். பருத்த இடங்களையும் ஒடுங்கிய இடங்களையும் நூலால் சுற்றி அளக்கவேண்டும். நூலின் நீளத்தை ஏழால் பெருக்கி இருபத்திரண்டால் வகுத்தால் குறுக்களவு வரும். நூல் 11 அங்குலம் என்றால் அவ்விடத்தின் குறுக்களவு மூன்றரை அங்குலம். இந்தக் கணக்கைத் தாளில் எழுதிக் கொடுத்தால் கடைசல்காரருக்கு வேலை பாதி முடிந்தது.

கடைசல் கால் என்றதும் அது வெள்ளைக்காரர் கொண்டுவந்த அலங்காரம் என்று எண்ணிவிட வேண்டாம். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையில், நக்கீரர் பாண்டிமாதேவியின் கட்டிலை வருணிக்கிறார். யானைத் தந்தத்தால் இயன்ற அக்கட்டிலின் கால்களுக்குக் குடம் போலத் திரண்ட பகுதியும், உள்ளியின் வடிவில் அமைந்த உறுப்பும் உண்டு. இன்று ஒரு பட்டறையில் நாம் காணும் குடமும் குமிழும் அவற்றின் உறவே. தந்தத்தில் கடைந்த கைத்திறம் இன்று மரத்தில் தொடர்கிறது என்று கொள்ளலாம்.

விலைக்கு வருவோம். மரக்கடையில் மரம் கன அடிக் கணக்கில் விற்கப்படுகிறது. ஒரு கன அடி என்பது 1,728 கன அங்குலம். இரண்டு அங்குலச் சதுரமும் 18 அங்குல நீளமும் உள்ள நாற்காலிக் காலுக்கு 72 கன அங்குல மரம் போதும். அதாவது ஒரு கன அடியில் 24 கால்கள்! மூன்று அங்குலச் சதுரமும், சேதாரம் சேர்த்து 32 அங்குல நீளமும் உள்ள சாப்பாட்டு மேசைக் காலுக்கு 288 கன அங்குலம். கன அடிக்கு ஆறு கால்கள். இந்தக் கணக்கிலிருந்து இரண்டு உண்மைகள் விளங்குகின்றன. ஒற்றைக் காலில் மரத்தின் செலவு சிறிது. எனவே மட்டமான மரம் போட்டு மிச்சம் பிடிக்க முயல்வது பேதைமை. கூலிதான் பெரும்பகுதி, எனவே நலிந்த கால்கள் இரண்டு இருந்தால் இரண்டையும் ஒரே தடவையில் கடையச் சொல்வது சிக்கனம். கருவியை அமைப்பதும் அளவெடுப்பதும் ஒரு முறைதான். விலை பேசும்போது மரம், கடைசல், பொருத்துதல், மெருகு என நான்காகப் பிரித்துக் கேளுங்கள். மொத்தமாகக் கேட்டால் எதில் எவ்வளவு என்பது தெரியாது. மெருகைப் பொறுமையுள்ளவர் வீட்டிலேயே இட்டுக்கொள்ளலாம்.

எந்த மரம் என்பது அடுத்த கேள்வி. தேக்குக்குத் தேக்கே நன்று. ஆனால் புதுத் தேக்கு வாங்க வேண்டுமென்பதில்லை. பழைய மாளிகைகள் இடிக்கப்படும்போது அவற்றின் உத்தரங்களும் கதவு நிலைகளும் சன்னல் சட்டங்களும் விலைக்கு வருகின்றன. பல பத்தாண்டுகள் உலர்ந்த அந்த மரம் இனிச் சுருங்காது. நிறமும் பழைய மேசையோடு ஒத்துப்போகும். வடகல்கத்தாவின் நீம்தலாப் பகுதி மரக்கடைகளுக்குப் பெயர் பெற்றது. காலுக்கு வேண்டிய சிறு துண்டுகளை அங்கே கேட்டுப் பார்க்கலாம். பச்சை மரத்தை மட்டும் தொடக்கூடாது. மழைக்காலத்தில் பொருத்திய பச்சைமரக் கால், மார்கழிக் காற்றில் சுருங்கிக் கழுந்தைக் கைவிட்டுவிடும். தேக்கு கட்டுப்படியாகாதவர், வங்காளத்தார் 'காமார்' என்றும் நாம் குமிழ் என்றும் சொல்லும் மரத்தைக் கேட்கலாம். இலகுவானது, கடைசலுக்கு இணங்குவது. வெளிறிய நிறத்தைச் சாயத்தால் சரிசெய்துகொள்ளலாம்.

மட்டியாபுருஜிலும் கித்தர்பூரிலும் மொழியும் ஒரு பொருட்டுத்தான். காலை இங்கே 'பாயா' என்பார்கள். ஆட்டுக்கால் பாயாவை அறிந்த நமக்கு அச்சொல் மறக்காது. இரண்டும் ஒரே சொல்தான். தேக்கு 'சேகுன்'. மரத்தை வங்காளியில் 'காட்' என்பர். கட்டிலையும் 'காட்' என்பர். கேட்கும் வங்காளிக்கு இரண்டும் வெவ்வேறு ஒலி. தமிழ்ச் செவிக்கும் தமிழ் எழுத்துக்கும் ஒன்றே. ஆகவே மரம் கேட்டுப் போய்க் கட்டில் விலை கேட்டுத் திரும்பாமல் இருக்க, மாதிரிக் காலைக் கையில் வைத்துக்கொண்டு 'டிக் ஏய் ரகம்', அதாவது 'இதேபோல்' என்று சொல்லிவிடுவது நலம்.

பழைய பாணியில் அண்மைக் காலத்தில் செய்யப்பட்ட மேசைகளும் சோபாக்களும் நம் வீடுகளில் உண்டு. அடிநோக்கி ஒடுங்கிச் சற்றே விரிந்து நிற்கும் அவற்றின் கால்கள் பெரும்பாலும் திருகிப் பொருத்தப்பட்டவை. ஒரு முனை மரத்திலும் மறுமுனை இரும்பு மரையிலும் இறங்கும் இருமுனைத் திருகு அவற்றின் தலையில் இருக்கும். இத்தகைய கால்கள் நான்கு நான்காக ஆயத்த நிலையிலேயே மலிவாகக் கிடைக்கின்றன. ஆனால் வாங்குமுன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 8 மில்லிமீட்டர் திருகும் 5/16 அங்குலத் திருகும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். தடிப்பில் வேறுபாடு மிகச் சிறிது. ஆயினும் அவற்றின் மரை இடைவெளி வேறு. வலிந்து முறுக்கினால் இரண்டு சுற்று ஏறி நின்றுவிடும். மேலும் முறுக்கினால் மரை அழியும். பழைய திருகைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய் ஒத்துப் பார்த்து வாங்குவதே வழி.

கால் வந்து பொருந்தியபின் நான்கும் ஒரே மட்டமாக நிற்கவில்லையெனில், நெட்டைக் காலை மட்டும் அறுக்கப் புகுதல் வேண்டாம். ஒன்றை அறுத்தால் மற்றொன்று நீளும். இப்படியே அறுத்துக்கொண்டு போனால் மேசை மணையாகிவிடும். மட்டமான கல் பலகை மீது மேசையை நிறுத்தி, ஆடாதபடி மெல்லிய துண்டுகளைக் காலடியில் செருகவேண்டும். பின்பு ஒரு சிறு கட்டையின் மீது பென்சிலைக் கிடத்தி, நான்கு கால்களையும் சுற்றி ஒரே உயரத்தில் கோடு இழுத்து, அக்கோட்டில் அறுத்தால் மட்டம் தானே அமையும். அறுத்த முகத்தில் மெழுகையோ வார்னிஷையோ இரண்டு மூன்று முறை ஊறவிடுங்கள். நீர் ஏறும் வழி அங்கேதான் தொடங்குகிறது. இவ்வூர் வழக்கப்படி கட்டிலைச் செங்கல் வைத்து உயர்த்துபவர்கள், செங்கலும் நீரை உறிஞ்சும் என்பதை நினைவிற்கொண்டு, காலுக்கும் கல்லுக்கும் இடையே தகரத்துண்டோ ரப்பர்த்துண்டோ வைக்கவேண்டும்.

கார்டன் ரீச்சுக்குச் சொன்னது ஏனைய ஊர்களில் வாழும் நம்மவர்க்கும் பொருந்தும். மும்பையில் சோர் பஜார், தில்லியில் கீர்த்தி நகரும் அமர் காலனியும், தாயகம் செல்லும்போது காரைக்குடியின் பழம்பொருள் கடைகள் என்று ஒவ்வொரு வட்டாரத்திலும் பழைய மரம் கைமாறும் இடம் ஒன்று இருக்கிறது. பட்டறைகள்தாம் குறைந்துகொண்டு வருகின்றன. ஒரு காலைப் பார்த்து அதைப்போல் மற்றொரு காலைக் கடையத் தெரிந்தவருக்கு, நாம் கொண்டுபோகும் ஒடிந்த நாற்காலிகளே பிழைப்பு. நாம் கொண்டுபோகாவிட்டால் அவர் வேறு தொழில் பார்ப்பார். பிறகு நாம் விரும்பினாலும் கால் கிடைக்காது.

ஆகவே, வாசலில் பிக்ரிவாலாவின் குரல் கேட்குமுன் ஒரு நாள், ஆடும் மேசையைக் கவிழ்த்துப் போட்டுப் பாருங்கள். பொருத்தா, அடியா, முழுக் காலா என்று அறிந்துகொள்ளுங்கள். நலமாயுள்ள காலின் அளவை ஒரு தாளில் குறித்து வையுங்கள். அதன்பின் விற்பதாயினும் அதன் உண்மையான விலைக்கு விற்கலாம். வைத்துக்கொள்வதாயினும் அச்சமின்றி அதில் அமரலாம்.